மூன்றாவது லாச்சியில் உள்ள வெறும் குப்பி

நான் ஓய்வுபெற்ற அடுத்த கிழமையே என் மேசையைத் துப்புரவாக்கிவிட்டீர்களாம். நல்லது. எழுதாத பேனைகளையும் பாதி தின்ற பிஸ்கட் பெட்டியையும் எறிந்தவர்களுக்கு நன்றி. மூன்றாவது லாச்சியில், இழுப்பறை என்பீர்களே அதில், இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியையும் எறியப் பார்த்திருக்கிறீர்கள். உள்ளே ஒன்றுமே இல்லை, மேலே ஒரு இலக்கம் மட்டும் ஒட்டியிருக்கிறது, எறியலாமா என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். எறிய வேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகச் சொல்லி வைத்துவிட்டேன். என் முன்கோபம் உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம்.

இந்த ஆய்வுகூடத்தில் இப்போது தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். என் காலத்தில் நான் ஒருவன்தான். வேலை பற்றி நான் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்த குறிப்புகள் அலுவலகத்தில் கிடக்கின்றன. எந்தத் தூரிகை, எந்தத் திரவம், எந்த உருப்பெருக்கி, எல்லாம் அதில் உண்டு. குப்பியின் விஷயம் அதில் இல்லை. அது தமிழில் நடந்தது, அதனால் உங்கள் இருவருக்கும் தமிழிலேயே எழுதுகிறேன்.

மொன்றியலில் எங்கே மண்ணைக் கிளறினாலும் யாரோ ஒரு சிப்பாயின் பொத்தான் வெளியே வரும். முதலில் பிரெஞ்சுக்காரன் நின்ற மண், பிறகு ஆங்கிலேயன் நின்ற மண். துணி உக்கிப் போய்விடும், தோல் போய்விடும், பொத்தான் மட்டும் பச்சை பிடித்துக் கிடக்கும். அதை வைத்து எந்தப் படை, எந்தக் காலம் என்று சொல்வதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு. எங்கள் ஊரில் பொத்தானைத் தெறி என்போம். தெறி பார்க்கிறவனுக்கும் சம்பளம் கொடுக்கிற நாடு இது என்று என் மச்சான் இன்றைக்கும் பகிடி பண்ணுவான்.

என்னை இந்த வேலைக்கு எடுத்த அம்மா ஒருவர் இருந்தார். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சிரிக்கவே மாட்டார். நான் சேர்ந்த புதிதில் இல்-பிசாரிலிருந்து ஒரு வீட்டுக்காரர் ஒரு பித்தளைப் பொத்தானோடு வந்தார். நீச்சல் குளத்துக்குத் தோண்டும்போது கிடைத்ததாம். தன் முப்பாட்டனார் படையில் இருந்தவர், அந்தக் காணி அவருடையது என்று தொடங்கி, ஒரு மணி நேரம் குடும்பக் கதை சொன்னார். சொல்லும்போதே கண்கலங்கினார். எனக்கும் மனம் இளகிவிட்டது. இருநூறு வருடத்துக்கு முந்திய படைப் பொத்தான் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

அந்த அம்மா பிரதியைப் படித்துவிட்டு, நான் எடுத்த படங்களில் பின்பக்கத்துப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். பொத்தானின் முகத்தை எவனும் பார்ப்பான், பின்பக்கத்தைப் பார்க்கத்தான் உனக்குச் சம்பளம் என்றார். பின்பக்கம் இயந்திரத்தில் அழுத்தியது. யாரோ ஹோட்டல் வாசற்காவலனின் சீருடையிலிருந்து விழுந்தது. தொலைபேசியை என் முன்னால் தள்ளி, அந்த மனிதரிடம் நீயே சொல் என்றார். சொன்னேன். கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாராம். அதற்குப் பிறகு எனக்கு ஒரு சட்டம் போடப்பட்டது. பொருளைக் கொண்டுவருகிறவரிடம் முதலில் கதை கேட்கக்கூடாது. முதலில் பொருள், தீர்ப்பு, அதன் பிறகுதான் கதை.

இன்னொரு பாடமும் அவரிடம்தான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஆற்றோரமாக ஒரு குழாய் போடத் தோண்டியபோது ஒரு பழைய புதைகுழி வந்தது. எலும்புகளைத் தனியாக அனுப்பினார்கள், எங்களிடம் ஒரே ஒரு ஈயப் பொத்தான் வந்தது. படைப்பிரிவின் இலக்கம் அதில் தெளிவாக இருந்தது. சிப்பாயின் புதைகுழி என்று நான் எழுதினேன். எலும்பு பார்த்தவர்கள் எழுதியது வேறு. அது ஆறு வயதுப் பிள்ளை. யாரோ ஒரு தாய் எங்கேயோ கிடைத்த படைப் பொத்தானைப் பிள்ளையின் சட்டைக்குத் தைத்திருக்கிறாள்.

பொத்தான் தான் பிறந்த நாளைத்தான் சொல்லும், மண்ணுக்குள் போன நாளைச் சொல்லாது என்று அந்த அம்மா என் அறிக்கையின் மேலேயே பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார். கடைசி நாள் வேண்டுமென்றால் அதனோடு கிடைத்த பொருள்களிலேயே மிகப் புதியது எது என்று தேடு என்றும் எழுதியிருந்தார். இந்த இரண்டு பாடங்களையும் நான் புதிதாக வந்த எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்த பிழைக்கு ஒரு மன்னிப்பு உண்டு. நான் பின்னால் செய்தது இந்தப் பாடங்கள் தெரிந்திருந்தும் செய்தது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொதுசனம் தங்கள் பொருள்களைக் கொண்டுவந்து காட்டலாம் என்று ஒரு வழக்கம் இங்கே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, ஒரு தமிழ்ப் பெண் வந்தார். பெயர் புவனேஸ்வரி. செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை. பேச்சிலேயே மட்டக்களப்பு என்று தெரிந்தது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. இங்கே ஒரு தமிழர் பழைய தெறி பார்க்கிறார் என்று யாரோ சொல்லி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்; அது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

கைப்பைக்குள்ளிருந்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். பஞ்சுக்குள் ஒரு பொத்தான், மண்ணும் களிம்புமாக ஒரு உருண்டை போல. வைத்த கையோடு, "அண்ணன், இது எங்கட ஊரில கிணறு வெட்டக்குள்ள..." என்று தொடங்கினார்.

நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். "கதையைப் பேந்து சொல்லுங்கோ தங்கச்சி. முதல் தெறியைத் தாங்கோ. கதை கேட்டால் என்ரை கண் பிழைச்சுப் போகும்."

அவர் உடனே வாயை மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதட்டினால் மூடுகிற மாதிரி. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. சட்டத்தை எங்கள் ஆட்களுக்கும் எங்கள் தமிழிலேயே சொல்லிவிட்டேன் என்ற பெருமை.

சுத்தம் செய்யக் கால் மணி நேரம் ஆனது. மண்ணைக் கரைத்தேன். வளையத்துக்குள், நூல் கோர்க்கும் இடத்தில், ஏதோ சிக்கியிருந்தது. இடுக்கியால் இழுத்தேன். நைலான் நூல். ஆற்றோரத்து மண்ணில் வேலை செய்கிற எவருக்கும் இது தெரியும். யாராவது மீன்பிடித்து அறுத்து விட்ட நூல் எல்லாப் பழைய பொருளிலும் சுற்றிக்கொண்டு வரும். நான் எத்தனையோ முறை எடுத்து எறிந்திருக்கிறேன். பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அதையும் எறிந்தேன். அன்று மாலை குப்பைத் தொட்டி காலியாக்கப்பட்டிருக்கும்.

பொத்தானின் முகம் அழகாக வந்தது. மேலே கிரீடம். அதன் வளைவுகள் நடுவில் குழியாமல் உருண்டு மேலே போயிருந்தன. அப்படி இருந்தால் அது அரசர்களின் காலத்துக் கிரீடம், போன நூற்றாண்டின் முதல் பாதி. பின்பக்கத்தில் பர்மிங்காம் என்று ஊர்ப்பெயர். திருப்பிப் பார்த்துவிட்டேன், அந்த அம்மா சொன்ன பின்பக்கத்தைப் பார்த்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி.

வெள்ளைக்காரன் காலத்துப் படைத் தெறி, நீங்களும் நானும் பிறக்க முந்தியே செய்தது, இப்போதைய எந்தப் படையும் இதைப் போட்டதில்லை, அந்தக் காலத்து யாரோ சிப்பாயுடையது என்று அடித்துச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பெருமூச்சு விட்டார். தோள் இரண்டும் கீழே இறங்கின. சந்தோஷம் என்றுதான் எனக்குப் பட்டது.

"வேற ஒண்டும் இதில இல்லையா அண்ணன்?" என்று கேட்டார்.

எல்லோரும் இந்த இடத்தில் கேட்கிற கேள்வி என்று நினைத்தேன். பொன்முலாம் உண்டா, விலை போகுமா என்கிற கேள்வி. "ஒண்டுமில்லை. விலை போகாது" என்றேன்.

நன்றி சொல்லி, பொத்தானைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு எழுந்தார். இப்போது கதையைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். சட்டத்தின் மறுபாதி அதுதானே. ஆனால் வெளியே இன்னும் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். பொட்டைப் பார்த்து, கணவர் காரோடு கீழே நிற்கிறாராக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு சனிக்கிழமை வந்தார். அதே பொட்டு, அதே கைப்பை, உடம்பு மட்டும் பாதியாகியிருந்தது. கதிரையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப கதையச் சொல்லலாமா அண்ணன்?"

சொன்னார். அவருடைய கணவர் மட்டக்களப்பில் ஒரு பாண்ட் கோஷ்டியில் ட்ரம்பெற் ஊதினவர். கல்யாணம், கோயில், செத்த வீடு எல்லாவற்றுக்கும் போகிற கோஷ்டி. யுத்தக் காலத்தில் ஒரு செத்த வீட்டில் ஊதிவிட்டு, போட்ட கோட்டோடு சைக்கிளில் வரும்போது சோதனைச் சாவடியில் மறித்துக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஆள் இல்லை. அதே கோஷ்டியில் இன்னும் இரண்டு பேரும் அப்படித்தான் போனார்களாம். பிள்ளைகளும் இல்லை. புவனேஸ்வரி கொஞ்ச வருடம் அலைந்துவிட்டு, தமையன் கூப்பிட்டதால் இங்கே வந்தவர். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் பொட்டை எடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கும் செய்யவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஊரில் ஒரு காணியில் கிணறு வெட்டும்போது எலும்புகள் வந்திருக்கின்றன. கணவரின் தூரத்து உறவுக்காரர் ஒருவர் அங்கே கூலிக்கு நின்றார். பொலிஸ் வருவதற்குள் ஒரு தெறியை மடியில் செருகிக்கொண்டு, கனடாவுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து இவருக்கு அனுப்பினார். நீதிமன்றம் எலும்புகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, காணாமல்போனவர்களின் இரத்த உறவுகள் வந்து இரத்தம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. கணவர் ஒரே பிள்ளை, தகப்பனும் முன்பே செத்துவிட்டார். மிச்சம் இருந்த நெருங்கிய இரத்த உறவு தாய் ஒருவர்தான், புவனேஸ்வரியின் மாமி. வயது போனவர், காக்கிச் சட்டையைக் கண்டாலே நடுங்குகிறவர். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் புவனேஸ்வரி அந்தச் சேற்றில் இரண்டு பஸ் மாறி என்னிடம் வந்திருக்கிறார்.

நான் வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய் என்றேன். அன்றைக்கே ஊருக்குத் தொலைபேசி எடுத்து, அது இவர் இல்லை, மாமியைக் கரைச்சல்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமி போன வருடம் இறந்து, எரித்தும் ஆயிற்று.

கைப்பையிலிருந்து ஒரு படம் எடுத்தார். கோஷ்டியில் இருந்த ஒருவரின் மகன் டொரொன்டோவிலிருந்து அண்மையில் அனுப்பியது. ஏழெட்டுப் பேர் ட்ரம்பெற்றும் மேளமுமாக நிற்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு, இரண்டு வரிசைப் பித்தளைத் தெறி. உருப்பெருக்கியை வைத்தேன். உருண்டு மேலே போகிற கிரீடம். கோஷ்டியைத் தொடங்கியவர்கள் யாரோ வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டுகளை வாங்கியிருக்கிறார்கள். கோட்டு கிழியக் கிழியப் புதிதாகத் தைத்து, தெறியை மட்டும் வெட்டி வெட்டி மாற்றியிருக்கிறார்கள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் ஆறு வயதுப் பிள்ளை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது.

"அவர் மூச்சப் பிடிச்சு ஊதக்குள்ள நெஞ்சுத் தெறி அறுந்து விழும்" என்றார் புவனேஸ்வரி. "சாதாரண நூல் தாங்காது. நான்தான் எல்லாத் தெறியையும் தங்கூசியால தைச்சுக் குடுத்தன், ரெண்டு இழை போட்டு. நீங்க அதக் கழுவக்குள்ள உள்ளுக்க தங்கூசி ஏதும் இருந்ததா?"

தங்கூசி என்றால் மீன்பிடிக்கிற நைலான் நூல். மட்டக்களப்பு வாவிக்கரையில் எந்த வீட்டிலும் ஒரு சுருள் கிடக்கும்.

ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு அலுமாரிக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தேன். என் கையெழுத்து. வளையத்தில் நைலான் நூல், இரண்டு இழை, முடிச்சுடன், நவீனம், அகற்றி எறியப்பட்டது. முடிச்சையும் எழுதியிருக்கிறேன். ஆற்றில் சுற்றிக்கொண்ட நூல் வளையத்துக்குள் போய் இரண்டு இழையாக முடிச்சுப் போட்டுக்கொள்ளாது. கண் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது, நான்தான் யோசிக்கவில்லை. அந்தப் பொத்தானில் இருந்த மிகப் புதிய பொருள் அந்த நூல். அது மண்ணுக்குள் போன காலத்தைச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். பழசையே தேடித் தேடிப் பழகிய கண்ணுக்குப் புதிதெல்லாம் குப்பை.

உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அலுமாரியிலிருந்து மேசைக்குப் பத்து அடி. அந்தப் பத்து அடி நடப்பதற்குள், ஒன்றும் இருக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பதிவேடு பிரெஞ்சில் இருந்தது, அவருக்கு அவ்வளவு வாசிக்க வராது. மாமி இனித் திரும்பி வரப்போவதில்லை. உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று ஒரு குரல், இரக்கம் போலத்தான் கேட்டது. அது இரக்கம் இல்லை, என் மானத்தைக் காப்பாற்றுகிற குரல். உங்களுக்கும் ஒருநாள் அந்தக் குரல் கேட்கும். கேட்டால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

பதிவேட்டை அவர் முன்னால் விரித்து வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். எறியப்பட்டது என்ற சொல்லையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அன்று ஏன் தங்கூசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது, பாரத்தைப் பாதி அவர் தலையில் வைக்கிற கேள்வி அது.

"கதை சொல்ல வேணாம் எண்டு சொன்னீங்க" என்றார். "தங்கூசியக் கேட்டா அதுவும் கதைதானே. மண்ணுக்க என்ன இருக்கெண்டு கிளறிப் பாக்க எனக்குப் பயம், அதுதான் அப்பிடியே உங்கட கையில தந்தன். நீங்க இல்லை எண்டு சொன்னது எனக்கும் நல்லாத்தான் இருந்தது, அண்ணன். அதுக்கு மேல கேக்க மனம் வரல்ல."

அழவில்லை. நான் பார்த்ததைக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னார். ஆய்வுகூடத்தின் கடிதத்தாளில் இரண்டு மொழியிலும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது எங்கேயும் செல்லாது என்று எழுதும்போதே தெரியும். தெறி இரகசியமாகக் கொண்டுவந்தது. நூலை நானே எறிந்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இரத்தம் இல்லை. மனைவியின் இரத்தத்தால் ஒரு பயனும் இல்லை. அந்த எலும்புகள் ஒரு இலக்கத்தோடு பெட்டிக்குள் இருக்கின்றன, யாருடையவை என்று இனித் தெரிய வழியில்லை.

அவர் போன பிறகு ஒரு குப்பியை எடுத்து அந்தப் பதிவு இலக்கத்தை ஒட்டி லாச்சியில் வைத்தேன். அந்த நூல் இருந்திருக்க வேண்டிய குப்பி அது. அன்றிலிருந்து வளையத்தில் இருந்த எதையும் நான் எறிந்ததில்லை, தூசியானாலும் சரி. தீர்ப்புச் சொன்ன பிறகு கதை கேட்காமல் எவரையும் எழும்ப விட்டதும் இல்லை. கதையைக் கேட்ட பிறகு தீர்ப்பை மாற்ற வேண்டிவந்தால் மாற்றியும் இருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆனால் அவர் போவதற்கு முன் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது.

கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்த பிறகும் அவர் எழும்பவில்லை. மருந்துப் போத்தலைத் திறந்து பொத்தானை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப அது இவர்தானா அண்ணன்? நான் செய்ய வேண்டியதச் செய்யலாமா?"

ஓம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அவருக்கு ஒரு முடிவு கிடைக்கும். ஆனால் அதே கோஷ்டியில் அதே கோட்டோடு காணாமல்போனவர்கள் இன்னும் இரண்டு பேர் என்று அவரே சொல்லியிருந்தார், அந்த வீடுகளிலும் தங்கூசிச் சுருள் கிடந்திருக்கும். ஒருமுறை அடித்துச் சொன்னது போதும்.

"தெரியாது தங்கச்சி" என்றேன். "அவராயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தத் தெறியை வைச்சு அதுக்கு மேலை என்னாலை சொல்லேலாது."

புவனேஸ்வரி தலையை ஆட்டினார். பொத்தானைப் பஞ்சில் சுற்றி மருந்துப் போத்தலுக்குள் போட்டு மூடினார். குரலை உயர்த்தாமல், என்னைக் குற்றம் சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னார்.

"இதையே அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணன். மாமியக் கூட்டிக்கொண்டு போயிருப்பாங்க."

நான் வாசல் வரை கூடப் போனேன். வந்தபோது இருந்த பொட்டோடுதான் அவர் திரும்பிப் போனார்.